பாட்டுக்காரிக்கு மட்டும் தகுதித் தேர்வா?

மேடையில் பாடியவர் எம்.பி. ஆகலாமா? 2019 நாடாளுமன்றத் தேர்தலில் கேரளத்தின் 'முற்போக்கு' வட்டாரம் எழுப்பிய கேள்வி இது. குறிவைக்கப்பட்டவர் ரம்யா ஹரிதாஸ். கோழிக்கோடு மாவட்டம் குன்னமங்கலத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகள், நாட்டுப்புறப் பாடகி, தலித் பெண். ஆலத்தூர் தனித்தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர்.

பிரச்சார மேடைகளில் அவர் பாடினார். உடனே, இது பாட்டுப் போட்டியல்ல, தேர்தல் என்று ஒரு கல்லூரி ஆசிரியை முகநூலில் பாடம் நடத்தினார். இடது முன்னணியின் மாநில ஒருங்கிணைப்பாளரோ பொதுக்கூட்டத்திலேயே ரம்யாவை இழிவுபடுத்தும்படி பேசினார். ரம்யா காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

நாம் கேட்கிறோம்: இந்தத் தகுதித் தேர்வு எல்லோருக்கும் உண்டா? 2014இல் அதே முன்னணி பக்கத்திலுள்ள சாலக்குடியில் திரைப்பட நகைச்சுவை நடிகர் இன்னசென்ட்டை நிறுத்தி வெற்றி பெற வைத்தது. 2019இல் மீண்டும் நிறுத்தியது. கொல்லத்தில் நடிகர் முகேஷை எம்.எல்.ஏ. ஆக்கியது. சினிமா நட்சத்திரம் வந்தால் மக்கள் செல்வாக்கு, நாட்டுப்புறப் பாடகி வந்தால் தரக்குறைவு. இதற்கு என்ன பெயர், தோழர்களே?

'எதிர்த்து நின்ற பி.கே.பிஜுவும் தலித்தானே, இதில் சாதி எங்கே வந்தது?' என்பார்கள். தனித்தொகுதியில் எல்லா வேட்பாளரும் பட்டியல் சாதியினர்தான். நாம் பேசுவது வேட்பாளரின் சாதியைப் பற்றி அல்ல, அவரை அளக்கும் கோலைப் பற்றி. யாருடைய கலை கலை, யாருடைய கலை கூத்து என்று தீர்மானிப்பது சாதி. ரம்யா அப்போது குன்னமங்கலம் ஊராட்சி ஒன்றியத் தலைவர். அந்த நிர்வாக அனுபவம் யார் கண்ணிலும் படவில்லை. பாட்டு மட்டுமே கேட்டது.

மக்கள் 1 லட்சத்து 58 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் பதில் சொன்னார்கள். 1971இல் அடூரில் வென்ற பார்கவி தங்கப்பனுக்குப் பிறகு, கேரளத்திலிருந்து ஒரு தலித் பெண் மக்களவைக்குப் போக 48 ஆண்டுகள் ஆயின. நூறு சதவீத எழுத்தறிவைப் பெருமை பேசும் மாநிலத்தின் கணக்கு இது!

காங்கிரஸையும் நாம் விடப்போவதில்லை. 'பெங்ஙளூட்டி', அதாவது தங்கச்சி என்று சுவரொட்டி அடித்தார்கள். தங்கச்சிக்குப் பொதுத்தொகுதி கொடுப்பார்களா? 2024இல் ஆலத்தூரில் சுமார் 20 ஆயிரம் வாக்குகளில் தோற்றவரை, அதே ஆண்டு இடைத்தேர்தலில் சேலக்கரையில் நிறுத்தினார்கள். அதுவும் தனித்தொகுதி.

ரம்யாவிடமும் கேள்வி கேட்போம். ஆலத்தூர் தொகுதிக்குள்தான் முதலமடை, கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி இருக்கிறது. அங்குள்ள தமிழ் பேசும் சக்கிலியர் மக்கள், தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்று 2017இல் குமுறினார்கள். இந்த மக்களுக்காக ஐந்தாண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஏன் பாடினீர்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

கல்லூரிகளில் பறையடிக்கும், பாடும் தம்பி தங்கைகளே! நாளை நீங்கள் தேர்தலில் நின்றாலும் இதே ஏளனம் வரும். கலையை ஒளித்துவைத்துவிட்டுத் தகுதியை நிரூபிக்க ஓடாதீர்கள். கேலி செய்பவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: உங்கள் நட்சத்திரங்களுக்கு எந்தத் தேர்வு வைத்தீர்கள்?