பேரிக்காய் உடம்பும் கூறைச் சேலையும்

எங்கட பட்ச் தோழி ஒருத்திக்குப் போன ஆவணியில் கலியாணம். நாள் குறித்த கையோடு அவளுடைய போனில் ஒரு வீடியோ வந்து நின்றது: உங்கட உடம்பு எந்த வடிவம், அதுக்கு எந்தக் கலியாணச் சேலை எடுப்பாக இருக்கும்? பேரிக்காய், அப்பிள், செவ்வகம், மணற்கடிகாரம் எண்டு நாலு படம். ஹொஸ்டல் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாங்களும் எங்களைப் பார்த்தோம். ஒருத்திகூட மணற்கடிகாரம் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தோம். அண்டைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை.

பிறகு ஆறு கிழமை பிளேன்ரீயும் கிறீம்கிறேக்கரும். சேலைச் சட்டையை அளவை விட இரண்டு இஞ்சி குறைத்துத் தைக்கக் கொடுத்தாள், "அதுக்குள்ள மெலிஞ்சிடுவன்" எண்டு. தையல் அக்கா, "உள்ளுக்குக் கொஞ்சம் துணி விடுறன் பிள்ளை, தேவையெண்டா பிரிக்கலாம்" எண்டு சொன்னவ. வேண்டாம், தடிப்பாகத் தெரியும் எண்டு மறித்தது அவள் இல்லை, பக்கத்தில் நின்ற நாங்கள்.

கூறை மாற்றிக்கொண்டு வந்து மணவறையில் இருந்தவளுக்கு ஓமப்புகையில் தலை சுற்றியது. தாலி ஏறி முடிந்ததும் இரண்டு பேர் மறைத்து நின்று பின் கொழுக்கிகளைக் கழற்றி, சோடா பருக்கினோம். அல்பத்தில் அது இல்லை. அல்பத்தில் அவள் நல்ல வடிவு.

எங்கட ஊரில் வடிவு எண்டால் அழகு. கறுத்த பிள்ளையும் வடிவு, குண்டுப் பிள்ளையும் வடிவு, கிழவியும் வடிவு. அந்தச் சொல்லை இப்போது நாலு படத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள்.

அந்த ஆலோசனைகளைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். குண்டான ஆக்களுக்குச் சின்னக் கரை, கடும் நிறம். கட்டையான ஆக்களுக்கு அகலக் கரை கூடாது. மெல்லிய ஆக்களுக்கு விறைப்பான பட்டு. கை தடிப்பெண்டால் முழங்கை வரைக்கும் சட்டைக்கை. இதெல்லாம் பொய் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. அகலக் கரை ஆளைக் கட்டையாகக் காட்டத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு ஆலோசனையும் உங்களிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. முடிவில் சொல்வதும் ஒன்றுதான்: மறை.

வேடிக்கை என்னவென்றால், சேலைக்கு அளவே கிடையாது. ஏறக்குறைய 5.5 மீற்றர் தைக்காத துணி. அம்மாவின் கூறையை மகளும் உடுக்கலாம், பிள்ளை பெற்ற பிறகும் உடுக்கலாம். கொசுவத்தில் இரண்டு மடிப்புக் கூடும், குறையும், அவ்வளவுதான். எந்த உடம்புக்கும் இடம் கொடுக்கிற உடுப்பு அது. அதற்கும் உடம்பு சரியில்லை எண்டு சொல்ல ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம்.

அதே மணவறையில் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கு நல்ல வண்டி. பட்டு வேட்டிக்கு மேலால் அது தாராளமாகத் தெரிந்தது. அவர் அப்பிளா பேரிக்காயா எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். பொம்பிளையையும் கேட்காமல் விடுங்கோ எண்டுதான் சொல்கிறோம்.

"ஒரு நாள்தானே, வடிவா வெளிக்கிட ஆசைப்படுறது பிழையோ?" எண்டு கேட்பீர்கள். பிழையே இல்லை. எங்களுக்கும் பட்டு விருப்பம், பூ விருப்பம், படம் எடுக்கவும் விருப்பம். சின்னக் கரை பிடித்திருந்தால் சின்னக் கரையே எடுங்கோ. பிடித்த அகலக் கரையைக் கடையில் மடித்து வைத்துவிட்டு வரும்போதுதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. இன்னொன்று: அந்த ஒரு நாளில் பொம்பிளைக்கு எவ்வளவு வேலை! மணிக்கணக்கில் இருக்க வேண்டும், மாலை போடக் கை தூக்க வேண்டும், அக்கினியை வலம்வர வேண்டும், அம்மியில் கால் வைக்க வேண்டும், பெரியாக்களின் காலில் குனிந்து குனிந்து எழும்ப வேண்டும். மூச்சு விட முடியாத சட்டையோடு இதையெல்லாம் எப்படிச் செய்வது?

தையில் எங்களில் இன்னொருத்திக்குக் கலியாணம். தையல் அக்காவிடம் நாங்களும் கூடப் போகப்போகிறோம், இந்த முறை வாயை மூடிக்கொண்டு. சட்டையைப் போட்டதும் அவள் நிலத்தில் சம்மணம் கொட்டி இருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்க வேண்டும். மூச்சை இழுத்து விட வேண்டும். பிறகு நாங்கள் கட்டிக்கொண்டு போகிற சோற்றுப் பார்சலை அதே சட்டையோடு சாப்பிட வேண்டும். சாப்பிட முடியாவிட்டால் சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொடுப்போம்.

உள்ளுக்கு இரண்டு இஞ்சி துணி விடச் சொல்லியும் ஆயிற்று.