மிச்சப்படுத்தியவனுக்குக் கூலி குறைவா?

செங்கல்லைப் படுக்க வைக்காது விளிம்பின்மேல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இலாரி பேக்கர் (1917–2007) இதனை அங்கே பரப்பினார். அதே தடிப்புள்ள சுவரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். கற்காரைக் கூரையின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, சுமை தாங்காது வாளா கிடக்கும் கற்காரையையும் அவர் குறைத்தார். ஒப்பந்தக்காரரை ஒதுக்கிக் கொத்தர்களோடு தாமே நின்று கட்டினார்.

இந் நன்முறை ஊர்தோறும் பரவியிருக்க வேண்டாவா? கொத்தர்க்குப் பழக்கமில்லை என்பர். அது சில நாளில் தீரும் குறை! மெய்யான தடை கணக்கேட்டில் இருக்கின்றது. வரைவாளர் பலரின் ஊதியம் கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்றே பேசப்படுகின்றது. 10 இலக்கம் உருவா விழுங்கும் வீட்டை 8 இலக்கத்தில் முடித்துத் தருபவர்க்கு என்ன பரிசு? ஊதியம் 5 விழுக்காடானால், 10,000 உருவா இழப்பு! மூளையைச் செலவிட்டவர்க்குக் குறைகூலி; கண்ணை மூடிக்கொண்டு கம்பியும் பைஞ்சுதையும் கொட்டியவர்க்கு நிறைகூலி. இதற்குப் பெயர் பொருளியலாம்! இவ்வேற்பாட்டை வைத்துக்கொண்டு, புதுமை வரவில்லையே என்று புலம்புவது யாரை ஏய்க்க?

வீடு கட்டப் புகுவோரே, விழுக்காடு பேசாதீர்கள். வேலைக்கு இவ்வளவு என்று முன்னரே தொகை பேசுங்கள். மிச்சப்படுத்துவதில் ஒரு பங்கு தருவதாகவும் எழுதிக் கொடுங்கள்.