கந்தர்வர் சொன்ன கானம்

நம் ஊரில் ஒருவர் நன்றாகப் பாடினால், ‘கந்தர்வ கானம்’ என்று புகழ்வது வழக்கம். வித்வானும் அதைப் புன்சிரிப்புடன் ஏற்றுக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் சாதகத்திற்கு உட்கார்ந்துவிடுவார். மேனாட்டிலோ இத்தகைய பேச்சை மெய்யென்றே சாதித்த சங்கீதக்காரர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸன் ரா (1914–1993) என்பவர், தாம் சனிக் கிரகத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லி வந்தார். சனியின் பார்வை பட்டாலே பரிகாரம் தேடும் நமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும்! ஜெர்மனியின் ஸ்டாக்ஹௌஸன் (1928–2007), சிரியஸ் நட்சத்திரத்தில் பயிற்சி பெற்றதாகக் கூறினார்.

இவர்களுக்கு முன்னோடியான ஒரு தம்பதியின் கதை நம் அடையாற்றோடு தொடர்புடையது. 1907-ல் அன்னி பெசன்ட் அம்மையார் பிரம்மஞான சபையின் தலைவியானார். அதையொட்டிய ஆண்டுகளில் அவருடன் இந்தியாவுக்கு வந்தவர் மாட் மக்கார்த்தி என்ற ஐரிஷ் மாது. சிறு வயதிலேயே பிடிலில் பெரும் புகழ் பெற்று, நரம்பு நோயால் வாசிப்பைக் கைவிட நேர்ந்தவர். அவர் நம் வித்வான்களிடம் பணிவுடன் பயின்றார். சீமைக்குத் திரும்பி, இருபத்திரண்டு சுருதிகளையும் சபைகளில் பாடிக் காட்டினார்.

அவருடைய கணவர் ஜான் ஃபோல்ட்ஸ், மான்செஸ்டர் நகரத்தவர். 1923-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இசைத்த ‘உலக இரங்கற்பா’ அவருடைய சிருஷ்டி. பிறர் காதுக்கு எட்டாத ஒலிகள் தமக்குக் கேட்கும் என்பது அவருடைய கொள்கை. தாம் இயற்றிய ஒரு பியானோ உருப்படிக்கு ‘கந்தர்வ சங்கீதம்’ என்றே பெயரிட்டார்.

கந்தர்வர் அவருக்குப் பாடம் சொன்னாரோ என்னவோ, நாம் அறியோம். ஆனால் மனைவி நம் நாட்டிலிருந்து கொண்டுபோன மேளகர்த்தா அட்டவணை அவர் கையில் இருந்தது. அந்த எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தவர் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி. அம்மேளங்கள் சிலவற்றில், அன்னிய ஸ்வரம் கலவாமல், ஃபோல்ட்ஸ் பியானோவுக்கு உருப்படிகள் செய்தார். அவருக்கு உதவிய கந்தர்வர் தஞ்சாவூர்க்காரர் என்று நாம் பெருமைப்படலாம்!

1935-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். டில்லி ரேடியோவில் மேனாட்டுச் சங்கீதப் பகுதியை நடத்தி, நம் வாத்தியக்காரர்களைக் கொண்டு ஒரு கோஷ்டியும் அமைத்தார். 1938-ல் ரேடியோவின் பத்திரிகையில் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதினார். அதன் கட்டைகளில் நுண்சுருதியும் கமகமும் பிறவா என்பது ஆட்சேபம். தாகூரும் அந்த வாத்தியத்தை வெறுத்தவரே. 1940 மார்ச் முதல் தேதி ரேடியோவில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது. 1971 வரை அத்தடை நீடித்தது. நாடக மேடையை வாழவைத்த ஆர்மோனியக்காரர்களுக்கு அத்தனை காலமும் வானொலியின் கதவு அடைத்தே கிடந்தது. அந்த விளைவைக் காண ஃபோல்ட்ஸ் இல்லை. 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவுக்கு இரையானார்.

விண்ணிலிருந்து வந்த சங்கீதம் என்று ஒருவர் சொன்னால், மண்ணில் யாரிடம் கற்றார் என்று விசாரிப்பது நல்லது. தேவலோகத்துக் காது படைத்தவருக்கும், தெருக்கோடியில் ஆர்மோனியம் வாசித்துப் பிழைப்பவனின் குரல் கேட்க வேண்டும் அல்லவா?