திருக்கோணமலை என்னும் சிறு கலம்

தேயிலைச் சாரலில் வாழும் நம் மாணவர், இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் பேணப்படும் 'திருக்கோணமலை' என்னும் கப்பலைப் படங்களிற் கண்டிருப்பர். 1817 அக்டோபர் 12இல் பம்பாயில் நீரிலிறங்கிய தேக்குமரக் கலம் அது. பகைக்கப்பலோடு அது பொருததில்லை. பொருத கலம் வேறு. அதனை நாம் மறந்துவிட்டோம்.

ஒல்லாந்தரிடமிருந்து 1795இல் கைப்பற்றிய துறைமுகத்தின் பெயரை, 1799இல் பதினாறு பீரங்கிகள் கொண்ட சிறு பாய்க்கப்பலொன்றுக்கு ஆங்கிலேயர் இட்டனர். அதன் போர்வாழ்வு ஓராண்டும் நிறையவில்லை. அவ்வாண்டு அதே அக்டோபர் 12ஆம் நாள் (என்னே பொருத்தம்!) செங்கடல் வாயிலாகிய பாபெல் மண்டப் நீரிணையில், இபிஜெனி என்னும் பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பலை எதிர்த்து, நெருங்கிப் பொருதுகையில் வெடித்துச் சிதறியது. அவ்வெடிப்பாற் பகைக்கலமும் மூழ்கிற்று. தலைவர் ஜோன் ரோ மாண்டார். அவர் கப்பலிற் பிழைத்தோர் இருவரே: ஓர் ஆங்கில மாலுமி, மற்றவர் ஒரு லஸ்கர், அஃதாவது கீழைநாட்டுக் கப்பலாள்.

தலைவரின் பெயரை வரலாறு காத்தது. லஸ்கரோ தொழிற்பெயராலேயே நிற்கின்றார். தகரத்துண்டில் எண்ணாகப் பொறிக்கப்பட்டு இந்நாட்டுக்கு வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது புதிதன்று. கப்பலின் பீரங்கிகளை எண்ணும் நம் மாணவர், அவ்வொருவரின் பெயரையும் பழைய ஏடுகளிற் தேடுவாராக.