சுப்பர்சொனிக் படிப்பித்த பாடமும் சுவிசின் ஐந்து நாளும்

போன கிழமை குசினிக்குள் ஒரு வாக்குவாதம். கோப்பை கழுவுகிற தம்பி போனில் ஏவுகணைப் படம் பார்த்துவிட்டு, "அண்ணை, சுவிசும் பேட்ரியட் வாங்குது. இனி ஹைப்பர்சொனிக் வந்தாலும் இஞ்ச ஒண்டும் விழாது" என்றான். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. மத்தியானச் சனம் குவிந்துவிட்டதால் அவனுக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்லித் தீர்க்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2020 செப்ரெம்பர் 27ஆம் திகதி புதிய போர்விமானங்களுக்கு ஆறு பில்லியன் பிராங் வரை செலவழிக்கலாமா என்று இந்த நாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் 50.1 வீதம். வித்தியாசம் வெறும் 8670 வாக்குகள். அந்த ஆமில் என்னுடையதும் ஒன்று. பதினேழு பதினெட்டு வயதுவரை பொம்மர் சத்தம் கேட்டு ஓடியவனிடம், உன் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைக் காக்கவா என்று ஒரு அரசாங்கம் கடிதம் போட்டுக் கேட்டால் அவன் இல்லை என்பானா?

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஜூனில் எப்-35 விமானத்தையும் பேட்ரியட்டையும் தெரிவுசெய்தார்கள். 2022இல் பாராளுமன்றம் ஐந்து பேட்ரியட் தொகுதிகளுக்கு ஏறக்குறைய இரண்டு பில்லியன் பிராங் ஒதுக்கியது. 2026இல் இருந்து 2028க்குள் வந்துவிடும் என்றார்கள். 2025 ஜூலையில் அமெரிக்கா, உக்ரேனுக்குத்தான் முதலில், உங்களுக்குப் பிறகு என்றுவிட்டது. உக்ரேன்காரன் தலையில் தினமும் விழுகிறது, அவனுக்கு முதலில் கொடுப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஒன்று விளங்குகிறதா? ஐரோப்பாவில் சண்டை மூளும் நாளுக்கென்று வாங்கிய சாமான், சண்டை மூண்டதும் வேறு இடத்துக்குப் போகிறது. எப்-35 கதை இன்னும் விசேஷம். விலை மாறாது என்று சனத்துக்குச் சொன்னார்கள். 2025இல் இன்னும் 650 மில்லியனில் இருந்து 1.3 பில்லியன் டொலர் வரை கூடலாம் என்று அமெரிக்காவில் இருந்து கணக்கு வந்தது. டிசம்பரில் பேர்ண், ஆறு பில்லியனுக்கு எத்தனை வருமோ அத்தனை போதும் என்று இறங்கிவந்தது. அதே வருடம் ஓகஸ்டில் அதே அமெரிக்கா சுவிஸ் சாமான்களுக்கு 39 வீத வரியும் போட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரன்கூட வாடிக்கைக்காரனை இப்படி நடத்தமாட்டான்.

சரி, எல்லாம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஹைப்பர்சொனிக் என்றால் ஒலியைப்போல ஐந்து மடங்குக்கு மேலான வேகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தைப் பாதியில் விட்டவன் நான், அந்தப் பாதியே இந்தக் கணக்குக்குக் காணும். ஒரு செக்கனுக்கு 1.7 கிலோமீற்றர். சுவிசின் வடக்குத் தெற்கு நீளம் சுமார் 220 கிலோமீற்றர். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. சட்டியில் போட்ட றோஸ்ரியைத் திருப்பிப்போடவே அந்த நேரம் காணாது. பழைய ஏவுகணையும் வேகமானதுதான். ஆனால் அது எறிந்த கல்லைப்போல உயரப் போய் இறங்கும், பாதையைக் கணக்குப் பார்க்கலாம். புதிய சறுக்கி வரும் ரகம் பதிவாகப் பறந்து, இடையில் திரும்பியும் போகும். பூமி வளைந்திருப்பதால் தரையில் இருக்கும் ராடர் அதைக் காணும்போது நேரம் முடிந்துவிடும். இடைநடுவில் பிடிக்கும் ஏவுகணையை அமெரிக்காவும் ஜப்பானும் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

2023 மே 4ஆம் திகதி கியேவுக்கு மேலே ரஷ்யாவின் கின்ஷாலைப் பேட்ரியட்தான் விழுத்தியது, அதை நான் மறைக்கவில்லை. அது ஒரு நகரத்தைக் காத்தது. நாடு முழுவதையும் அல்ல. ஒன்று வந்தால் இரண்டு எறிகிறார்கள். எறியும் ஒவ்வொன்றும் பல மில்லியன். சுவிஸ் 2023இல் இன்னும் 300 மில்லியன் ஒதுக்கிப் புது ரகமும் கேட்டிருக்கிறது. அதுவும் அதே கடை, அதே வரிசை.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். சகடை வந்த காலத்தில் எங்களுக்கு நேரம் இருந்தது. மேலே வட்டம் போடும். அம்மா அடுப்பை அணைத்து, தங்கச்சியைத் தூக்கி, அடுத்த வளவுப் பங்கருக்கு ஓடினாலும் போய்ச் சேரலாம். 1991இல் அரசாங்கம் சீனாவில் இருந்து எப்-7 வாங்கியது. நாங்கள் அதற்கு வைத்த பேர் சுப்பர்சொனிக். சத்தம் காதுக்கு வர முதல் குண்டு விழுந்துவிடும். எங்களிடம் ராடர் இல்லை, பேட்ரியட் இல்லை. அப்பா செய்தது ஒன்றுதான். அடுத்த வளவை நம்பாமல் குசினிக் கதவில் இருந்து ஆறு எட்டுத் தூரத்தில் புதுப் பங்கர் வெட்டினார். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு. மாரியில் முழங்கால் தண்ணீர், ஒருமுறை பாம்பும் கிடந்தது. வருகிறது வேகமாக வந்தால் பங்கர் கிட்ட வரவேண்டும். பதின்மூன்று வயதில் எனக்கு விளங்கிய பௌதிகம் அது.

பங்கர் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? 1995 ஜூலை 9, நவாலி தேவாலயம். இடம்பெயர்ந்து வந்த சனம் கூரையை நம்பி இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னால் முடியாது.

2000இல் இங்கே வந்தபோது என்னைக் கொண்டுபோய் விட்டதும் ஒரு பங்கரில்தான். ஒரு கிராமத்துப் பாடசாலைக்குக் கீழே, சிவில்சுட்ஸ். மூன்றடுக்குக் கட்டில், தடித்த கொங்கிறீற் கதவு, யன்னல் கிடையாது. நாலு மாதம் பகல் எது இரவு எது என்று தெரியாமல் கிடந்தேன். அந்த அதிகாரிகளைத் திட்டாத நாளில்லை. ஆனால் கதவின் தடிப்பை முதல்நாளே கையால் அளந்து பார்த்தேன். அப்பா இதைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

உலகத்தில் வேறு எங்கும் இல்லாத காரியம் இது. 1960களில் இருந்து சட்டம் போட்டுக் கட்டிய மூன்று லட்சத்து எழுபதினாயிரம் அளவு பங்கர்கள், ஒன்பது மில்லியன் அளவு இடம். இங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டுக்குக் கிட்ட ஒரு இடம் என்பது சட்டம், கடவுச்சீட்டின் நிறத்தை அது கேட்கவில்லை. இவர்களும் பிழை விட்டிருக்கிறார்கள். லுசேர்னில் ஒரு சுரங்கப்பாதையையே இருபதினாயிரம் பேருக்குப் பங்கராக்கினார்கள். 1987இல் ஒத்திகை பார்த்தபோது அந்த ராட்சதக் கதவுகளில் ஒன்று சரியாகப் பூட்டுப்படவில்லை. பெரிதாக, தூரத்தில் கட்டினால் அதுதான் கதி. வீட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறைதான் பெறுமதியானது.

அந்த அறைகளைத் திருத்த எவ்வளவு தெரியுமா? நாற்பது வருடப் பழைய காற்று வடிகட்டி எல்லாம் மாற்றுவதற்குப் பதினைந்து வருடத்துக்குச் சுமார் 220 மில்லியன் பிராங் என்று பேர்ண் கணக்குக் காட்டியது. பேட்ரியட்டின் ஒன்பதில் ஒரு பங்கு, அதுவும் இழுத்து இழுத்து. அதைவிடப் பகிடி இன்னொன்று. அரசாங்கம் உத்தரவிட்டால் பங்கரை ஆயத்தம் செய்ய ஐந்து நாள் அவகாசம். எந்தப் பங்கரில் உங்கள் இடம் என்பதையும் ஆபத்து நெருங்கினால்தான் அறிவிப்பார்கள். வருகிறவன் இரண்டு நிமிடத்தில் வருகிறான், இவர்கள் ஐந்து நாள் கேட்கிறார்கள். வருடத்தில் ஒருநாள், பெப்ரவரி முதல் புதன்கிழமை பகல் ஒன்றரைக்குச் சைரன் அடித்துப் பார்க்கிறார்கள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வந்த சனம் தலைநிமிர்ந்தும் பார்ப்பதில்லை. நான் மட்டும் கரண்டியோடு ஒரு கணம் நின்றுவிடுவேன், இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

எங்கள் கட்டிடத்துப் பங்கர் கெல்லராகக் கிடக்கிறது. பனிச்சறுக்குக் கட்டைகள், வைன் பெட்டிகள், மூன்று பழைய மெத்தை. என் பங்குக்குக் கொண்டாட்டத்துக்கு எடுக்கிற அண்டா, கிடாரம். வாக்குவாதம் நடந்த அன்று வேலை முடிந்து வந்து அவற்றை வெளியே எடுத்தேன். கதவைத் தள்ளிப் பார்த்தேன், யாரோ வைத்த சைக்கிள் இடறிப் பாதியில் நின்றது. இரண்டாம் மாடிக் கிழவி இறங்கிவந்து, சண்டை வரப்போகிறதா என்று கேட்டாள். இல்லை, சைக்கிள் யாருடையது என்று கேட்டேன்.