வான்கோழிக் குஞ்சு: சிவப்பு ஏறும்வரை



சென்ற மாதம் ஊர்க்கோழி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் அடை வைத்த பன்னிரண்டு வான்கோழி முட்டைகளில் பத்துப் பொரித்தனவாம். ஒரு கிழமை போவதற்குள் மிஞ்சியது இரண்டுதானாம். "காகமும் தூக்கவில்லை, கீரியும் வரவில்லை. யாருடைய கண் பட்டதோ" என்று முடித்திருக்கிறார்.

கண் பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. என் வளவிலும் முதல் வருடம் இதேதான் நடந்தது. மகளின் டியூஷன் காசுக்கு உதவும் என்று நம்பி வளர்த்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டிருந்தேன். தீன் தட்டு நிறைய இருந்தது, தண்ணீரும் இருந்தது. மாமி வந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, இரையுறையைத் தடவிப் பார்த்தார். "மகள், இது பட்டினி. நீங்க தீன் வெச்சீங்க, தின்னப் பழக்கல்லையே" என்றார்.

அதுதான் விஷயம். ஊர்க்கோழிக் குஞ்சு முட்டையை விட்டு வந்த அன்றே தரையைக் கொத்தும். வான்கோழிக் குஞ்சு அப்படியல்ல. தீனுக்கு மேலேயே நின்றுகொண்டு பட்டினி கிடக்கும். பொரிக்கும்போது வயிற்றுக்குள் போன மஞ்சட்கரு இரண்டு மூன்று நாளைக்கு அதைத் தாங்கும். அதனால் நாமும் "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். நாலாம், ஐந்தாம் நாள் சரிந்து விழும்போதுதான் கண் திறக்கிறோம்.

ஆகவே முதல் நாளே ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துச் சொண்டைத் தண்ணீரில் மெல்லத் தொட்டு விடுங்கள். தண்ணீர் வைப்பது தட்டையான கோப்பைத் தட்டில். உள்ளே பிள்ளைகள் விளையாடும் மாபிள்களையோ கூழாங்கற்களையோ போட்டு விடுங்கள். மினுங்குவதைக் கொத்தப் போய்த் தண்ணீர் குடிக்கும், விழுந்து மூழ்கவும் மாட்டாது. அவித்த முட்டையையும் முருங்கை இலையையும் பொடியாக அரிந்து தீனின் மேலே தூவுங்கள். பச்சை நிறத்தைக் கண்டால் கொத்தும். விரல் நுனியால் நீங்களும் தாய் கொத்துவதுபோல் தட்டித் தட்டிக் காட்டுங்கள். பார்ப்பவர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கடையில் வாங்கும் கோழிக்குஞ்சுத் தீன் இவற்றுக்குப் போதாது. முதல் வாரங்களில் வான்கோழிக் குஞ்சுக்கு ஏறக்குறைய 28 சதவீதம் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அவித்த முட்டையும் கறையானும் அந்தக் குறையை நிரப்பும். கரையோரத்துச் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை: உப்புக் கருவாட்டுத் தூளைப் போட்டுவிடாதீர்கள். அந்த உப்பே குஞ்சைக் கொன்றுவிடும்.

அடுத்தது குளிர். தாயோடு விட்டால் சூட்டைத் தாய் பார்த்துக்கொள்ளும். தாயில்லாமல் பெட்டியில் வளர்ப்பவர்கள் முதல் வாரம் 35 பாகை செல்சியஸ் அளவில் சூடு கொடுத்து, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்து வரவேண்டும். இப்போதைய எல்.ஈ.டி. மின்குமிழில் சூடு இல்லை. பழைய இழை மின்குமிழ்தான் உதவும். வெப்பமானி இல்லையென்று கவலைப்பட வேண்டாம், குஞ்சுகளே சொல்லும். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூட. பரவிப் படுத்தால் சரி. பெட்டியின் மூலைகளைக் காட்போட் மட்டையால் வளைத்து மூடிவிடுங்கள். இல்லையென்றால் இரவில் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். 2022ஆம் ஆண்டு மின்வெட்டு நாட்களில் போத்தலில் சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்காக இரவில் இரண்டு தடவை எழும்ப வேண்டியிருந்தது. தரைக்கு வழுக்கும் பத்திரிகைத் தாளைப் போடாதீர்கள், கால் விரிந்து முடமாகும். முதல் நாட்களில் சாக்குத் துணி, பிறகு உமி.

தாயோடு வளவில் விடுபவர்களுக்கு வேறு கவனம் வேண்டும். வான்கோழிப் பேடு பற்றைக்குள் ஒளித்து முட்டையிடும். எங்கே போகிறது என்று பார்த்து வைத்து, தினமும் முட்டையை எடுத்துவிட்டு ஒரு பொய் முட்டையை வைத்துவிடுங்கள். பற்றைக்குள் அடை கிடக்க விட்டால் கீரிக்கோ நாய்க்கோ தாயையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். எடுத்த முட்டைகளைக் கூரிய பக்கம் கீழிருக்கக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஒரு கிழமைக்குள் கூட்டினுள் அடை வையுங்கள். பொரிக்க 28 நாள். எங்கள் புத்தளம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பலமாக இருப்பதால், பொரிக்கும் நாள் அந்த மழைக்குள் விழாதவாறு நான் முன்கூட்டியே எண்ணிக்கொள்வேன். நனைந்த குஞ்சு பிழைப்பது அரிது. காலைப் பனியில் நனைந்த புல்கூட ஆபத்துத்தான். சுபஹுக்குப் பின் உடனே கூட்டைத் திறக்காதீர்கள்; வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு திறவுங்கள். மஃரிபுக்கு முன் எண்ணி அடையுங்கள். கூட்டுக்குச் சிறிய கண் கம்பி வலைதான் வேண்டும், பெரிய கண்ணுக்குள்ளால் எலியும் பாம்பும் நுழையும். முதல் மூன்று நாலு வாரம் பகலிலும் தாயைக் கிராதிக் கூட்டுக்குள் வைத்து, குஞ்சுகள் மட்டும் கம்பி இடைவெளியால் வெளியே வந்துபோக விட்டால், காகம் கண்டதும் தாயின் சத்தத்துக்கு உள்ளே ஓடிவிடும். பருந்தைக் கண்டு வான்கோழித் தாய் எழுப்பும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் நீங்களும் அடுப்படியிலிருந்து ஓடி வருவீர்கள்.

இவ்வளவும் செய்து இரண்டாம் வருடம் ஒன்பது குஞ்சுகளை ஒன்றரை மாதம்வரை கொண்டுவந்தேன். அதன்பின் ஐந்து செத்தன. சிறகு தொங்கியது, எச்சம் கந்தகம்போல் மஞ்சளாகப் போனது. கால்நடை வைத்தியர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஊர்க்கோழியோடா வளர்க்கிறீர்கள்?" என்றுதான். ஆம், அடை வைத்ததே ஊர்க்கோழியின் கீழ்தான்.

கருந்தலை நோய் என்பார்கள். ஆனால் தலை கறுப்பது எப்போதும் நடப்பதில்லை. பெயரை நம்பித் தலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எச்சத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி ஊர்க்கோழியின் குடலிலுள்ள சிறு புழுவின் முட்டைக்குள் ஒளிந்து மண்ணுக்கு வருகிறது. அந்தப் புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்புழுவும் அதை விழுங்கி வைத்திருக்கும், குஞ்சு மண்புழுவைத் தின்னும். ஊர்க்கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத இந்த நோய் வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடுகிறது. அமெரிக்காவிலேயே இதற்கென இருந்த கடைசி மருந்தும் 2015இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எனவே வந்தபின் ஓடுவதைவிட வராமல் பார்ப்பதுதான் வழி: ஊர்க்கோழி மேய்ந்த நிலத்தில் வான்கோழிக் குஞ்சை விடக் கூடாது. வளவு சிறிதென்றால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் இழந்தது போதும். அடை வைக்க வான்கோழிப் பேடே நல்லது. ஊர்க்கோழி சில வேளை 21ஆம் நாள் தன் கணக்கு முடிந்ததென்று எழும்பியும் போய்விடும். பூச்சி மருந்து, அம்மைத் தடுப்பூசி, ராணிக்கெட் தடுப்பூசி எல்லாம் எந்த வயதில் என்பதை உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடமே கேளுங்கள்.

இந்தப் பறவையின் பெயர்க் கதையும் வேடிக்கையானது. பிறந்த மண் மெக்சிகோ. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியரோ 'ஹிந்தி' என்றார்கள். அரபியில் 'ரூமிச் சேவல்'. ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையை நினைத்து 'கல்கூன்' என்றதுதான் சிங்களத்தில் 'களுகும்' ஆயிற்று. 1612இல் கோவாவிலிருந்து இதைக் கொண்டுவரக் கண்ட பேரரசர் ஜஹாங்கீர் வியந்துபோய்த் தம் நினைவுக்குறிப்பில் எழுதி, ஓவியமும் தீட்டச் செய்தார். சேவல் கோபங்கொண்டால் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அரசரின் வியப்புப் புரியும்.

மன்னார்ச் சகோதரிக்கு: மிஞ்சிய இரண்டையும் ஊர்க்கோழிகளிலிருந்து இன்றே பிரித்து, கோழி மேயாத இடத்தில் வையுங்கள். இரண்டு மாதமளவில் தலையிலும் கழுத்திலும் சிவப்பு மணிகள் முளைக்கத் தொடங்கும். சிவப்பு ஏறிவிட்டால் பனிக்கும் தூறலுக்கும் ஓரளவு தாங்கும், மரக்கிளை தேடிப் பறக்கவும் பார்க்கும். அந்த வயதில் ஒரு பக்கச் சிறகின் நுனி இறகுகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வளவு முருங்கையில்தான் தேட வேண்டிவரும்.