ஜாக்கோ மாதிரி வாசிக்கணுமா? முதல்ல மரத்தைப் பாருங்க!

ஃப்ரெட்லெஸ் பேஸ் கைக்கு வந்ததும் முதல் கேள்வி: எந்த ஸ்ட்ரிங் போடலாம்? ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வவுண்ட் போட்டார்னு நாமும் அதையே போட்டுடறோம். ஆனா அவர் ஃபிங்கர்போர்டு மேல எபாக்சி பூசியிருந்தார், அதை மறந்துடறோம்.

ஃப்ரெட் இல்லாததால கம்பி நேரா மரத்துல உரசும். வைப்ரேட்டோ பண்ணப் பண்ண, ரவுண்ட்வவுண்டோட வரிவரியான சுற்று அரம் மாதிரி ரோஸ்வுட்டை அராவும். ஃப்ளாட்வவுண்ட் போட்டா மரம் தப்பிக்கும். ஆனா அந்தப் பாடுற தொனி மங்கிடும்.

அதனால, பூச்சில்லாத மரம்னா மேற்பரப்பைத் தேய்ச்சு வழவழப்பாக்கின ஹாஃப்ரவுண்ட் வாங்குங்க. முழு ரவுண்ட்வவுண்டுதான் வேணும்னா, ஸ்டீலை விட மிருதுவான நிக்கலைப் போடுங்க. சத்தத்துல பளிச்சுனு இருக்கிறது கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கம்பி தேய்ஞ்சா புது செட் போதும். மரம் தேய்ஞ்சா மறுபடி இழைச்சுத்தான் ஆகணும்.